எத்தனால் ஆய்வு ஆலை வாசலுக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் கழிவிலிருந்து எத்தனால் எரிபொருள் தயாரிப்பதற்காகப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ளும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் ஆர்வத்துடன் படித்து வருகிறேன். செம்பனை ஆலையொன்றின் பரிசோதனைக்கூடத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அச்செய்திகளால் மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் வரிசையில் பேராசிரியர் இருக்கிறார், நிறுவனத் தலைவர் இருக்கிறார், சில வேளைகளில் வெளிநாட்டு ஆய்வு நிலையத்தின் பேராளரும் இருக்கிறார். அந்தக் கழிவை அன்றாடம் அள்ளிக் கொட்டும் ஆலைக்கும் தோட்டத்துக்கும் அந்த மேசையில் நாற்காலி போடுவதில்லை. இத்தகைய முயற்சிகள் தோற்குமானால் பெரும்பாலும் இந்தக் குறையினால்தான் தோற்கும் என்று நான் உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தையில். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் எங்கள் தலைமுறைக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பால்மரம் சீவினார்கள். அடுத்த தலைமுறை குலை வெட்டியது. நாங்கள் சிலர் ஆலைக்குள் போனோம். செம்பனை தொடங்கிய மண்ணிலேயே அதன் கழிவுக்கும் ஒரு நல்ல வழி பிறக்க வேண்டும் என்ற ஆசை இந்த ஊர்க்காரனுக்கு இருப்பதில் வியப்பில்லை.

ஆலையைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். 100 டன் பழக்குலை ஆலைக்குள் நுழைந்தால் ஏறத்தாழ 20 டன் எண்ணெய் கிடைக்கும். 13, 14 டன் நாரும், 5 அல்லது 6 டன் கொட்டை ஓடும் கிடைக்கும். இவை இரண்டும் பாய்லருக்குப் போய் ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தந்துவிடுகின்றன, மிஞ்சும் ஓடுகளை வாங்கிக்கொள்ள ஜப்பானிய மின்நிலையங்கள் இருக்கின்றன. எஞ்சி நிற்பது பழம் உதிர்ந்த வெறுங்குலை, ஏறத்தாழ 22 டன். முன்பெல்லாம் அதைச் சூளையில் எரித்துச் சாம்பலைப் பொட்டாஷ் உரமாகத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். ஊர் முழுவதும் வெண்புகை சூழ்ந்ததால் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 450 ஆலைகள் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் மட்டும் செம்பனைத் துறையின் மட்டை, தண்டு, குலை, நார், ஓடு எல்லாம் சேர்த்து உலர்நிலையில் 8 கோடி டன் உயிரிக்கழிவு உண்டானதாக 2011இல் வெளியான தேசிய பயோமாஸ் வியூகம் மதிப்பிட்டது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் 2030 வரைக்குமான செயல்திட்டம் ஒன்றும் வெளியிடப்பட்டது. ஆகவே அரசாங்கத்துக்கு இவ்விஷயத்தில் நோக்கம் இல்லை என்று சொல்ல முடியாது.

வெறுங்குலையில் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அது பூட்டிவைக்கப்பட்ட சர்க்கரை. உலர்ந்த குலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ், அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், இரண்டையும் சிமெண்டுபோல் இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின். முதலில் நீராவியாலோ அமிலத்தாலோ காரத்தாலோ அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டும். பின்னர் நொதிகள் செல்லுலோஸை வெட்டிக் குளுக்கோஸாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஈஸ்ட் வந்து அதைப் புளிக்கவைத்து எத்தனால் தரும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடுவதில்லை; அதற்கென்றே மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும். இவை யாவும் ஆய்வுக்கூடத்தில் நடந்து காட்டப்பட்டவை. அங்கே எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

என் சந்தேகம் மாதிரிப் பொருளைப் பற்றியது. நான் வேலையில் இருந்த காலத்தில் உயர்கல்வி நிலையம் ஒன்றிலிருந்து ஆய்வாளர்கள் எங்கள் ஆலைக்கு வந்து வெறுங்குலை கேட்டார்கள். விருந்தாளிக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், அன்று காலை உதிர்ப்பு உருளையிலிருந்து விழுந்த புதுக் குலைகளில் மண் படாதவையாகப் பார்த்து எடுத்து, குழாய் நீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டிக் கொடுத்தோம். அவர்களும் நன்றி சொல்லி வாங்கிச் சென்றார்கள். அப்போது குவியலில் ஷவல் ஓட்டிக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர் என்னிடம், "தம்பி, முன்னால கெடக்கிறத மட்டும் எடுத்துக்கிட்டுப் போறாங்களே, பின்னால கெடக்கிறத யாரு பார்க்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் எனக்கு விளங்க நெடுநாள் ஆயிற்று. ஆய்வின் முடிவு என்னவென்று எங்களுக்கு யாரும் எழுதவே இல்லை.

பின்னால் கிடப்பது வேறு பொருள். மழையில் ஊறி, மூன்றாம் நாளே வெண்பூஞ்சை பிடித்து, எந்தச் சர்க்கரையை நாம் எதிர்பார்க்கிறோமோ அதைப் பூஞ்சை தின்னத் தொடங்கியிருக்கும். லோரியோடு வந்த மணலும் கல்லும் கம்பித் துண்டும் அதில் கலந்திருக்கும். பிழிந்தும் போகாத எண்ணெய் ஓரிரு விழுக்காடு நாரில் ஒட்டியிருக்கும். போதாக்குறைக்கு, செம்பனை நாரின் மேற்பரப்பிலேயே இயற்கையாகச் சிலிக்கா மணிகள் பதிந்திருப்பதால், குலையைத் துண்டாக்கும் கத்தியின் கூர் நாங்கள் நினைத்ததைவிட வெகு சீக்கிரம் மழுங்கும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பழம் பெருகும் காலத்தில் குவியல் ஆலை வேலியைத் தொடும். ஆண்டுத் தொடக்கத்தில் பழம் குறையும்போது தரை தெரியும். மூத்தவர் குவியலின் மணத்தை வைத்தே அது எத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடுவார். இந்த அறிவு எந்த ஆய்வறிக்கையிலும் ஏறியதாக நான் அறியேன்.

இது வெறும் ஆலைக்காரனின் மனத்தாங்கல் அன்று. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், 2022க்குள் ஆண்டொன்றுக்கு 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த நம்பிக்கையில் பெரிய ஆலைகள் எழுந்தன. கன்சாஸ் மாநிலத்து ஹியூகோட்டனில் அபெங்கோவா என்ற ஸ்பெயின் நிறுவனம் 2014இல் திறந்த ஆலை அடுத்த ஆண்டே நின்றது. தாய் நிறுவனமே கடனில் மூழ்கியது. அயோவா மாநிலத்து நெவாடா என்ற சிற்றூரில் டூபோண்ட் 2015இல் திறந்த ஆலை 2017இல் மூடப்பட்டது. அதே மாநிலத்தில் போயட் நிறுவனமும் டச்சு நிறுவனமான டிஎஸ்எம்மும் கூட்டாக 2014இல் திறந்த ஆலை 2019இல் நிறுத்தப்பட்டது. ருமேனியாவில் கிளாரியண்ட் நிறுவனம் கோதுமை வைக்கோலை நம்பிக் கட்டிய ஆலையும் 2023இல் மூடுவதாக அறிவிக்கப்பட்டது. எண்ணெய் விலை வீழ்ந்தது ஒரு காரணம், கொள்கை தடுமாறியது இன்னொரு காரணம். ஆனால் அந்த ஆலைகளைப் பற்றி வந்த விவரங்களில் திரும்பத் திரும்பக் காணப்படுவது மூலப்பொருளைக் கையாளும் தொல்லைதான்: மக்காச்சோளத் தட்டையோடு மண் வருகிறது, குழாய் அடைக்கிறது, முன்பதப்படுத்தும் கலம் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை. ஈஸ்ட்டும் நொதியும் தம் வேலையைச் செய்யக் காத்திருந்தன. வாசலில் பொருள் சிக்கிக்கொண்டது. காய்ந்த சோளத்தட்டைக்கே இந்த நிலை என்றால், மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரோடு வரும் நம் வெறுங்குலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டுமுயற்சிகளால் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. 2001ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க எரிசக்தித் துறை, தன் தேசிய ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து, ஜெனன்கோர், நோவோசைம்ஸ் என்ற இரண்டு நொதி நிறுவனங்களுக்குச் செலவில் பங்கு கொடுத்தது. நான்கைந்து ஆண்டுகளில் நொதிக்கான செலவு 20 மடங்குக்கு மேல் குறைந்தது. அங்கே கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்தது, அதை அளக்கும் முறை இருந்தது, அளப்பவர் விற்பவராக இல்லை. சில ஆண்டுகள் கழித்து, 2007இல், பிபி எண்ணெய் நிறுவனம் 50 கோடி டாலர் தருவதாகச் சொல்லி பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. நல்ல அறிவியல் பிறந்தது, ஆனால் எண்ணெய் விலை சரிந்த பிறகு நிறுவனம் பணத்தைச் சுருக்கிக்கொண்டது. ஒரே நிறுவனத்தின் பணப்பையை நம்பிய ஆய்வுக்கு வரும் இடர் இது. நம் பல்கலைக்கழகங்கள் கையெழுத்துக்கு முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்தியாவில் பானிப்பட் நகரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கும் திறனுக்குக் கட்டப்பட்டது. அதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மணிக்கு 30 டன் பழக்குலை அரைக்கும் நடுத்தர ஆலை நாளில் 20 மணி நேரம் ஓடினால் 600 டன் பழக்குலை. வெறுங்குலை ஏறத்தாழ 130 டன். தண்ணீரை நீக்கினால் மிஞ்சுவது 45 டன். செல்லுலோஸை மட்டும் கணக்கில் எடுத்து, வழியில் நேரும் இழப்பையும் கழித்து, உலர்ந்த டன்னுக்கு 180 லிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 8,000 லிட்டர் வரும். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினாலும் 24 லட்சம் லிட்டர்தான். பானிப்பட் அளவுக்கு ஓர் எத்தனால் ஆலை வேண்டுமானால் பன்னிரண்டு, பதின்மூன்று செம்பனை ஆலைகளின் வெறுங்குலை ஓரிடத்துக்கு வந்தாக வேண்டும். வரும் லோரிகளில் மூன்றில் இரண்டு தண்ணீரைத்தான் சுமந்து வரும். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த லோரிகள் குடிக்கும் டீசலை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி எழுகிறது. குலையைப் பிழிந்து, துண்டாக்கி, ஈரத்தைக் குறைக்கும் முதல் வேலை அந்தந்த ஆலையிலேயே, அந்தந்த பாய்லரின் மிச்ச வெப்பத்தைக் கொண்டே நடக்க வேண்டும் என்பது இதிலிருந்து தானே தெரியவரும். அப்படியானால் ஆலை, விற்பனையாளர் என்ற நிலையைத் தாண்டி, ஒப்பந்தத்தில் பங்காளியாக இருக்க வேண்டும்.

வெறுங்குலையைவிட எளிதான ஒன்று நம் கண்முன்னே அழுகிக்கொண்டிருக்கிறது. 25 ஆண்டுகளுக்கு மேலான செம்பனையை மறுநடவுக்காகச் சாய்க்கும்போது அதன் தண்டைத் துண்டுபோட்டு வயலிலேயே விட்டுவிடுகிறோம். திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்ற விதி நல்ல விதி. ஆனால் அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது, அடித்தண்டு அழுகலை உண்டாக்கும் கானோடெர்மா பூஞ்சையும் பழைய அடிமரத்தைப் பற்றிக்கொண்டு புதுக் கன்றுக்காகக் காத்திருக்கிறது. அந்தத் தண்டின் சாற்றிலுள்ள சர்க்கரையில் பெரும்பகுதி குளுக்கோஸ் என்பதை ஜப்பானின் பன்னாட்டு வேளாண் ஆய்வு மையமான ஜிர்காஸ், கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வு நிலையம், பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் கூட்டாக ஆராய்ந்து காட்டினார்கள். வெட்டிய தண்டை உடனே பிழியாமல் ஒரு மாதம் வைத்திருந்தால் சாற்றின் சர்க்கரை 8 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு உயர்வதையும் கண்டார்கள். விலையுயர்ந்த நொதி இதற்கு வேண்டாம், கடும் அமிலம் வேண்டாம். சாதாரண ஈஸ்ட்டே போதும். ஒரு கூட்டுமுயற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதை நல்ல முன்மாதிரியாகக் கருதுகிறேன், ஏனென்றால் மரம் எப்போது சாய்கிறது, எத்தனை நாள் கிடக்கிறது என்பதையே அவர்கள் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். எத்தனால் ஆய்வைத் தொடங்குவோர் தண்டிலிருந்து தொடங்கி, அனுபவம் சேர்ந்த பின் வெறுங்குலைக்கு வருவதே முறை என்பது என் எண்ணம். மறுநடவு ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நடப்பதில்லை என்ற சிக்கல் உண்டு. லோரியில் ஏற்றி இடம் மாற்றக்கூடிய பிழிவு இயந்திரத்தை நம் பொறியியல் மாணவர்கள் வடிவமைக்க முடியாதா?

சாறு, புளிப்பு என்று பேசும்போது தோட்டத்துத் தாய்மார்களின் அச்சத்தையும் நான் சொல்லாமல் விட முடியாது. கள்ளுக்கடையாலும் சம்சு என்ற மலிவு மதுவாலும் எத்தனை லயத்து வீடுகள் அழிந்தன என்பதை அவர்கள் மறக்கவில்லை. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்றாக இருந்தது. எரிபொருள் எத்தனால் குடிக்க முடியாதபடி பெட்ரோல் முதலியவை கலந்தே ஆலையை விட்டு வெளியேறுகிறது. ஆனாலும் ஆலை வளாகத்தில் அதற்கான காவலும் கணக்கும் எப்படி இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே ஊர் மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மண்ணுக்குச் சேர வேண்டியது. வெறுங்குலையைக் கழிவு என்கிறோம். தோட்ட நிர்வாகிகள் பலர் அதை மரத்தடியில் பரப்பி உரச்செலவைக் குறைக்கிறார்கள். உலர்ந்த 100 கிலோ குலையில் 2 கிலோவுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. எத்தனாலாக மாறுவது கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். பொட்டாசியம் முழுவதும் வடித்த பிறகு மிஞ்சும் கழிவுநீரில் நிற்கும். அந்த நீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், சிறுதோட்டக்காரர் ஒரு கையால் குலையைக் கொடுத்துவிட்டு மறுகையால் உர மூட்டை வாங்க நேரும்.

குவியலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியும் ஒரு சொல். நாரைச் சிதைக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் நம் ஆலைக் குவியல்களிலேயே கிடைக்கின்றன. வெளிநாட்டுப் பங்காளி அவற்றைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை பெற்றால் பலன் யாருக்கு? உயிரியல் வளங்களின் பயன்பாடு, பலன் பகிர்வு பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 795, இதற்காகவே நம்மிடம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அரசாங்கத்திடம் ஒரு கேள்வி. டீசலில் குறிப்பிட்ட விழுக்காடு செம்பனை எண்ணெய் எரிபொருள் கலக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்நாட்டில் இல்லை. வாங்குவார் யாரென்று தெரியாத பொருளுக்கு ஆலை முதலாளி எப்படிப் பணம் போடுவார்? சிறிய விழுக்காடாக இருந்தாலும் பரவாயில்லை, எந்த ஆண்டிலிருந்து என்று முன்கூட்டியே சொன்னால் ஆய்வுக்கும் ஒரு கெடு கிடைக்கும்.

நான் வேண்டுவது இதுதான். பாங்கியிலுள்ள மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், ஆலைகள் டன் கணக்கில் செலுத்தும் செஸ் என்ற தீர்வைத் தொகையில் நடப்பது. ஆகவே ஆலைகளின் சார்பில் பேச அதற்கு உரிமை உண்டு. எத்தனால் ஆய்வுக்குப் பொதுப்பணம் கொடுக்கப்படும்போது, முன்னோடி ஆலை பல்கலைக்கழக வளாகத்தில் அமையாமல், ஓடும் செம்பனை ஆலை ஒன்றின் வேலிக்குள் அமைய வேண்டும் என்று வாரியம் நிபந்தனை விதிக்கட்டும். குறைந்தது பன்னிரண்டு மாதங்கள், பழம் பெருகும் மாதத்திலும் சுருங்கும் மாதத்திலும், அடைமழையிலும் அது நில்லாமல் ஓட வேண்டும். எத்தனை நாள் நின்றது, எதனால் நின்றது, கத்தி எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதையும் வெற்றிகளோடு சேர்த்து வெளியிட வேண்டும். தேசிய மொழியிலும் தமிழிலும் ஆலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எங்கள் ஊரிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் வேதியியலோ இயந்திரத் தொழில்நுட்பமோ படித்துவிட்டுக் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் வேலை தேடிப் போகிறவர்களை அந்த முன்னோடி ஆலையில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குலையை மணத்தால் அறிந்த அப்பாவுக்குப் பிள்ளையாக வளர்ந்தவன், வெளியிலிருந்து வருகிறவனைவிட ஆறு மாதம் முன்னாலேயே அந்த வேலையைக் கற்றுக்கொள்வான்.

அடுத்த ஆய்வுக் குழு எங்கள் பக்கம் வரும்போது, அலசிக் காயவைத்த சாக்கை வாங்கிக்கொண்டு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழை பெய்த மறுநாள் வந்து, குவியலின் பின்பக்கம் ஏறி, தங்கள் கையாலேயே அள்ளிக்கொள்ளட்டும். எங்கே ஏறுவது, எங்கே கால் புதையும் என்று காட்ட என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் பலர் இருக்கிறோம். ஆலை நிர்வாகம் அனுமதித்தால் கூலி கேட்காமல் உடன் வருவோம்.

இப்படிக்கு,
முன்னாள் ஆலைப் பரிசோதனைக்கூட உதவியாளர்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.